மோட்டார் இல்லாத ரோபோ கை: பொம்மைக் காரைத் தூக்கிவிடும் பாதையைச் செய்வது எப்படி?

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்துப் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு ரோபோ கை செய்ய வேண்டும் என்றால், மோட்டாருக்கும் போர்டுக்கும் ஈப்போவுக்கு ஓட வேண்டும், இல்லை ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரெண்டும் வேண்டாம். மருந்துக்கடை, அலங்கார மீன் விற்கும் கடை, ஒரு ஹார்ட்வேர் கடை, இவ்வளவு போதும். மின்சாரமே தேவையில்லை, பேட்டரியும் கிடையாது.

நாம் செய்யப்போவது இதுதான். கார் சரிவில் உருண்டு கீழே வரும். பெரிய கை அதை வாங்கி மேலே தூக்கி, மேல் பாதையில் விடும். கார் மறுபடி சுற்றி வரும். ஒன்றுக்கு மேல் கார் ஓடினால் இடித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக விட ஒரு சின்ன கையும் உண்டு. நீங்கள் ஒரே சிரிஞ்சைத் தள்ளி இழுத்தாலே இரண்டு கைகளும் வேலை செய்யும்.

ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் பாதையில்தான் கை வைப்பார்கள். வளைவு, மேம்பாலம், சுரங்கம் என்று அழகாகக் கட்டி முடித்துவிட்டு, கடைசியில் கையைக் கொண்டுவந்து அதற்குள் நுழைக்கப் பார்ப்பார்கள். நுழையாது. கை எந்த இடத்தில் காரை வாங்குகிறது, எந்த உயரத்தில் விடுகிறது என்பது தெரிந்த பிறகுதான் பாதைக்கு அளவே கிடைக்கும். அதனால் கை முதலில், பாதை அப்புறம்.

கார்

சிறிய உலோகக் கார்கள் போதும், ஏறக்குறைய ஏழரை செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம் இருக்கும். ஹாட் வீல்ஸ் கார் வீட்டில் இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள், பலவற்றில் அடியில் மலேசியா என்று பொறித்திருக்கும். பினாங்கு பிறையில் உள்ள தொழிற்சாலையில் செய்யப்படுபவை. மெல்லிய கம்பி அச்சில் சக்கரம் சுற்றுவதால் லேசான சரிவிலேயே நன்றாக ஓடும்.

காந்தத்தால் தூக்கலாமே என்று ஒரு யோசனை வரும். இந்தக் கார்களின் உடம்பு துத்தநாகக் கலவை, காந்தத்தில் ஒட்டாது. அச்சுக் கம்பி மட்டும்தான் இரும்பு. கூரையில் வாஷர் ஒட்டினால் காந்தம் பிடிக்கும், ஆனால் மேலே போன பிறகு விடாது, விடவைக்க இன்னொரு கருவி தேவைப்படும். விரல் வைத்துக் கவ்வுகிற கையும் அப்படித்தான், பார்க்க ஜோர், வேலையில் தகராறு. நாம் செய்வது தட்டு வைத்த கை. அது எதையும் கவ்வாது, சாய்வை வைத்தே வாங்கும், சாய்வை வைத்தே விடும்.

பெரிய கை

40 செ.மீ. நீளத்தில் ஒல்லியான மரச்சட்டம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளித் துளை. அதுதான் அச்சு. அச்சிலிருந்து ஒரு பக்கம் 30 செ.மீ. கை, மறுபக்கம் 10 செ.மீ. வால். 60க்கு 30 செ.மீ. பலகையில் இரண்டு தூண்களை நிறுத்தி, தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் சாத்தே குச்சியை அச்சாகச் செருகுங்கள். குச்சி மரத்தில் நேராக உரசினால் இறுகும், துளைக்குள் ஒரு துண்டு ஸ்ட்ராவை விட்டு அதற்குள் குச்சியை விடுங்கள். துளை போடும் வேலையும் க்ளூ கன் வேலையும் பெரியவர்களுடையது, பிள்ளைகள் பிடித்துக்கொள்ளட்டும்.

கை மட்டத்துக்குக் கீழே 30 டிகிரி, மேலே 30 டிகிரி, மொத்தம் 60 டிகிரி ஆட வேண்டும். ஏன் இந்தக் கணக்கு என்றால், 60 டிகிரி ஆட்டத்தில் சமபக்க முக்கோணம் வந்துவிடும். கையின் நீளம் 30 என்றால் முனை ஏறும் உயரமும் 30. சிரிஞ்சை எங்கே மாட்டுவது என்பதற்கும் இதே கணக்குதான், அதைப் பிறகு பார்ப்போம். இன்னொரு வசதி, கீழே நிற்கும் இடத்துக்கு நேர் மேலேயே கை போய் நிற்கும், அதனால் மேல் பாதையும் கீழ்ப் பாதையும் ஒன்றன் மேல் ஒன்றாக வரலாம்.

தட்டை அட்டையில் செய்யுங்கள்: உள் அகலம் 4 செ.மீ., நீளம் 9 செ.மீ., இரண்டு பக்கமும் 2 செ.மீ. சுவர். வெளி முனையை மூடி உள்ளே ஸ்பாஞ்சு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கார் மோதித் திரும்பிவிடும். அச்சைப் பார்த்த முனை திறந்திருக்கட்டும். தட்டு கையின் நுனியில் வரும். அதைச் சட்டத்தின் மேல் ஒட்டாதீர்கள், *பக்கத்தில்* ஒட்டுங்கள். அப்போதுதான் பாதை கையின் ஓரமாக வர முடியும், கை பாதையில் இடிக்காது.

இப்போது முக்கியமான இடம். தட்டு சட்டத்துக்கு இணையாக இருக்கக் கூடாது, வெளி முனை 15 டிகிரி தாழ்ந்திருக்க வேண்டும். கை கீழே இருக்கும்போது தட்டு 45 டிகிரி வெளிப்பக்கம் சரிந்திருக்கும், கார் உள்ளே விழுந்து அப்படியே கிடக்கும். கை மேலே போகப் போகச் சரிவு குறையும். மட்டத்துக்கு மேல் 15 டிகிரியில் தட்டு சமமாகும். அதற்கப்புறம் உட்பக்கம் சாயத் தொடங்கி, உச்சியில் 15 டிகிரி உள்பக்கச் சரிவு கிடைக்கும். கார் தானாக உருண்டு வெளியே வந்துவிடும். இணையாக ஒட்டினால் கை பாதி வழி தாண்டியதுமே கார் தரையில் கிடக்கும்.

சாய்த்து ஒட்டினாலும் கடைசி 10 டிகிரியில் கார் அவசரப்படும். அதற்கு மேல் பாதையின் விளிம்பிலிருந்து 5 செ.மீ. அட்டையைத் திரைபோல் தொங்கவிடுங்கள். தட்டு அதை ஒட்டி ஏறும்போது திறந்த முனையை அது மறைத்துக்கொள்ளும், விளிம்பு வந்ததும் வழி கிடைக்கும். திரையின் கீழ் ஓரம் மேல் ஓரத்தைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி இருக்க வேண்டும், ஏனென்றால் தட்டு வட்டமாக ஏறுகிறது. தட்டின் உள் முனையில் பென்சிலை டேப் போட்டுக் கட்டி, பக்கத்தில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு கையை மெதுவாகத் தூக்குங்கள். விழும் கோடுதான் திரையின் வளைவு.

வாலில் எதிர் எடை. 10 சென் காசுகளை ஒவ்வொன்றாக டேப் போட்டு ஒட்டிக்கொண்டே வாருங்கள். காலித் தட்டோடு கை மெதுவாகத் தானே கீழே இறங்கும் நிலையில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒட்டினால் கை மேலேயே நின்றுகொள்ளும்.

சிரிஞ்சு

ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு இரண்டு, மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாய் ஒரு மீட்டர். குழாய் சிரிஞ்சின் மூக்கில் இறுக்கமாக ஏறும், பசை வேண்டாம். தோட்டத்தில் கால்வாய் வெட்டும் எக்ஸ்கவேட்டரின் கையும், செம்பனைக் குலையைத் தூக்கி லோரியில் போடும் இயந்திரத்தின் கையும் இதே தத்துவத்தில்தான் ஆடுகின்றன. அங்கே எண்ணெய், இங்கே தண்ணீர்.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. சிரிஞ்சு இறுக்கமாக இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊதிப்போய் இன்னும் இறுகும். ரப்பர் பால் வெட்டும் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கிளிசரின் ஒரு சொட்டு போதும், அதுவும் மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.

ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, குழாயையும் சிரிஞ்சுகளையும் நீருக்குள் வைத்தே மாட்டுங்கள். காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தண்ணீர் அமுங்காது, காற்று அமுங்கும். குமிழி இருந்தால் நீங்கள் தள்ளுவதெல்லாம் அதை அமுக்குவதிலேயே போய்விடும், கை சோம்பலாக அரை உயரம் வந்து நிற்கும். ஒரு சிரிஞ்சு முழுக்க நிறைந்தும் மற்றது முழுக்க அழுத்தியும் இருக்கும்படி மாட்டினால் சரி. நிறைந்தது நீங்கள் பிடித்துத் தள்ளுவதற்கு, அழுத்தியது ரோபோ கையைத் தூக்குவதற்கு. தண்ணீரில் கொஞ்சம் சிரப் கலர் கலந்தால் குமிழி கண்ணுக்குத் தெரியும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

இனி அந்த முக்கோணக் கணக்கு. சிரிஞ்சுக்குள் போய்வரும் தண்டு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் 5 செ.மீ.யை ஒட்டி வரும். அதே தூரம் அச்சிலிருந்து தள்ளி, தட்டு இருக்கும் பக்கம், சட்டத்தில் அழுத்திய சிரிஞ்சின் தண்டை மாட்டுங்கள். தண்டு முழுக்க வெளியே வரும்போது கை சரியாக 60 டிகிரி ஆடியிருக்கும். சிரிஞ்சின் உடலைக் கீழே ஒரு கட்டையில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள், ஆனால் இறுக்க வேண்டாம். கை ஏறும்போது சிரிஞ்சும் கொஞ்சம் சாயும், சாய விட வேண்டும்.

பாதை

இப்போதுதான் பாதை. தட்டின் உள் முனை கீழே எந்த உயரத்தில் நிற்கிறது, மேலே எங்கே நிற்கிறது என்று தூணில் கோடு போடுங்கள். வித்தியாசம் ஏறக்குறைய 25 செ.மீ. வரும். நம்மிடம் இருக்கும் சரிவு அவ்வளவுதான். ஒரு மீட்டருக்கு 12 செ.மீ. இறக்கம் கொடுத்தால் இரண்டு மீட்டர் பாதை போடலாம். நீளத்துக்கு ஆசைப்பட்டுச் சரிவைக் குறைத்தால் வளைவில் கார் நின்றுவிடும்.

மேல் பாதை தட்டிலிருந்து அச்சுப் பக்கமாகப் போய், வாலைத் தாண்டி, வெற்றிலை வடிவத்தில் சுற்றி, தான் போன கோட்டுக்குக் கீழேயே திரும்பி வர வேண்டும். மைலோ பெட்டி அட்டை நல்ல கனம். அடி 4 செ.மீ., சுவர் 2 செ.மீ. வளைவின் ஆரம் 20 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். இந்தக் கார்களுக்கு ஸ்டியரிங் கிடையாது, வளைவில் வெளிச் சுவரை உரசிக்கொண்டேதான் திரும்பும். அதனால் அந்தச் சுவரின் உட்பக்கம் வழவழப்பான செல்லோடேப் ஒட்டுங்கள். தாங்குவதற்குக் காலி டின்கள் போதும்.

கார் தட்டுக்குள் முகம் முன்னால் போகும், மேலே பின்பக்கமாக வெளியே வரும். என் அக்கா மகன் இதைப் பார்த்துவிட்டு, "மாமா, கார் கோஸ்தான்ல போவுது!" என்று கத்தினான். அடுத்த சுற்றில் நேராக ஓடும், அதற்கடுத்த சுற்றில் மறுபடி கோஸ்தான். அப்படியே விடுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் வேடிக்கை.

சின்ன கை

ஒரே கார் என்றால் இது வேண்டாம். மூன்று கார் விட்டால், பெரிய கை மேலே இருக்கும் நேரத்தில் அடுத்தது வந்து வெறுங்காற்றில் குதிக்கும்.

வாலுக்கு நேர் கீழே, கீழ்ப் பாதைக்கு மேலே, ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைச் சீசா மாதிரி நடுவில் அச்சு வைத்து நிறுத்துங்கள். இரண்டு முனையிலும் கீழ்நோக்கி ஒரு விரல், இடைவெளி 8 செ.மீ., அதாவது ஒரு காரைவிடக் கொஞ்சம் அதிகம். முன் முனையில் ஒரு காசு ஒட்டினால் முன் விரல் தாழ்ந்து முதல் காரை நிறுத்தும், பின் விரல் 3 செ.மீ. தூக்கி நிற்கும். பின் விரலின் நுனியில் ஸ்பாஞ்சு. வாலில் பக்கவாட்டாக ஒரு குச்சி ஒட்டி, அதிலிருந்து முன் முனைக்கு நூல் கட்டுங்கள். பெரிய கை இறங்கும்போது வால் ஏறும், நூல் இழுக்கும், முன் விரல் எழுந்து முதல் காரை விடும், அதே நேரம் பின் விரல் இறங்கி இரண்டாவது காரின் மூக்கில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். கை மறுபடி ஏறினால் நூல் தளரும், இரண்டாவது கார் முன்னே வந்து நிற்கும். வேன் மாதிரி உயரமான கார்கள் பின் விரலில் இடிக்கும், அவற்றைச் சேர்க்காதீர்கள்.

எல்லாமே நூலின் தளர்ச்சியில்தான் இருக்கிறது. வால் மொத்தம் 10 செ.மீ. ஏறும், கடைசி 3 செ.மீ.யில்தான் நூல் இறுக வேண்டும். முன்னாடியே இறுகினால் தட்டு வந்து சேர்வதற்குள் கார் வந்துவிடும். நூலை முடிச்சுப் போட்டுவிடாமல், குச்சியில் சுற்றி டேப் ஒட்டிவையுங்கள். ஒரு சுற்று கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுத்துத் தொய்யும், பாதையின் அடியில் ஐஸ்கிரீம் குச்சி ஒட்டினால் நிற்கும். ஆடி முடித்ததும் சிரிஞ்சுத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தண்டைக் கழற்றிக் காயவையுங்கள், உள்ளேயே விட்டால் அடுத்த வாரம் ரப்பர் ஒட்டிக்கொண்டு நகராது.