பனிக்காலத்தில் ஷிராகவா-கோ செல்வோருக்கு

ஜப்பானின் கிஃபு மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஷிராகவா-கோ பகுதியின் ஒகிமாச்சி கிராமம், கூம்பிய புல் கூரை வீடுகளுக்காக 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அங்கு செல்பவர்கள் தகயாமா அல்லது கனசாவா நகரிலிருந்து பேருந்தில் போவதே நல்லது. பனிக்கால டயரும் அத்தகைய சாலைகளில் ஓட்டிய பழக்கமும் இல்லாதவர்கள் வாடகைக் காரை நினைக்கவே வேண்டாம். போகவர இரண்டுக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள்.

கூரைகள் ஏறத்தாழ 60 பாகை சரிவு கொண்டவை என்பதால், வெயில் சற்று ஏறியதும் பனி பாளம் பாளமாகச் சரிந்து விழும். எவ்வளவு அழகாக இருந்தாலும் கூரை விளிம்பின் கீழ் நின்று படம் எடுக்காதீர்கள். பாதையை விட்டு இறங்கினால், பனி மூடிய வாய்க்காலில் கால் போய்விடக்கூடும். வாதா இல்லம் போன்ற பழைய வீடுகளுக்குள் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். மரத்தளம் சில்லென்றிருக்கும், ஆகவே உலர்ந்த காலுறை ஒரு சோடி கையில் இருக்கட்டும். ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்த மேல்தளங்களை அவசரமின்றிப் பாருங்கள்.

மாலை விளக்கொளிக் காட்சி குறிப்பிட்ட சில நாட்களில் மட்டுமே நடைபெறும், முன்பதிவின்றி அனுமதியில்லை. புல் கூரைக்கு நெருப்புப் பொறியே பேராபத்து, எனவே ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே புகைக்கக் கூடாது. இங்கே குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன; முற்றங்களுக்குள் நுழையாதீர்கள், குப்பையை உங்களுடனேயே எடுத்துச் செல்லுங்கள்.