மிதக்கும் செங்குத்து அச்சு காற்றாலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மாணவர் குழு மிதவையில் நிற்கும் செங்குத்து அச்சு காற்றாலை, அதாவது நிமிர்ந்து நிற்கும் அச்சைச் சுற்றி இறக்கைகள் சுழலும் காற்றாலை, ஒன்றின் வடிவமைப்பைக் காட்டியது. நல்ல யோசனைதான். ஜெனரேட்டர் போன்ற கனமான பாகங்கள் தண்ணீர் மட்டத்துக்கு அருகிலேயே இருப்பதால் மிதவையைச் சிறிதாக்கலாம். ஸ்வீடனின் லைசெகில் அருகே 2015இலேயே ஸீட்விர்ல் நிறுவனம் 30 கிலோவாட் மாதிரி ஒன்றைக் கடலில் இறக்கியது. ஆனால் அவர்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் நான் பத்து வருடத்துக்கு முன் செய்த அதே தவறு இருந்தது. துரு, உப்பு பற்றி எல்லாரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

சராசரி விசையை நம்புவது

இறக்கை சுற்றின் ஒரு பாதியில் காற்றை வெளிப்பக்கத்திலும் மறுபாதியில் உள்பக்கத்திலும் வாங்குகிறது. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே தள்ளப்பட்டு, வெளியே இழுக்கப்படுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே வேலை. நிமிடத்துக்கு 10 சுற்று, 20 வருடம் என்றால் 10 கோடி தடவைக்கு மேல். கலிஃபோர்னியாவில் ஃப்ளோவிண்ட் நிறுவிய காற்றாலைகளின் அலுமினிய இறக்கைகள் இப்படித்தான் விரிசல் விட்டன.

நான் கட்டிய காற்றாலையில் சராசரி விசையை வைத்துத்தான் வெல்டிங் அளவைத் தீர்மானித்தேன். சில மாதத்தில் சத்தம் மாறியது. இறக்கையும் அதை அச்சோடு இணைக்கும் கையும் சேரும் இடத்தில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, விரிசலில் புகுந்த சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் அடித்தேன். வெல்டிங் ஓரமாக முடி அளவில் ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. மற்ற இணைப்புகளிலும் அதே கோடு. மிச்சமிருந்த பணம் முழுக்க அவற்றைத் திரும்பச் செய்யவே போய்விட்டது.

"மூன்று இறக்கை வைத்தால் சரியாகிவிடும்" என்று இன்றும் சொல்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். மூன்று வைத்தால் அச்சில் வரும் டார்க், அதாவது திருகு விசை, சீராகும். தனித்தனி இறக்கை படும் பாடு அப்படியேதான் இருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கும் விசையை வரைந்து, அதன் உச்ச அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள இடைவெளியை வைத்து இணைப்பை வடிவமையுங்கள்.

தானாகச் சுழலத் தொடங்கும் என்று விடுவது

விமான இறக்கை போன்ற மெல்லிய இறக்கைகளால் சுழலும் டாரியஸ் வகை தானாகத் தொடங்கும் என்று நம்ப முடியாது. ஜெனரேட்டரை மோட்டாராக ஓட்டித் தொடங்குங்கள்.

அடி பேரிங்கை மறப்பது

கனடாவின் காப்ஷாவில் 96 மீட்டர் உயர சுழலியோடு நின்ற எயோல் என்ற செங்குத்து அச்சு காற்றாலை, 1993இல் அடி பேரிங் போனதால் நின்றுவிட்டது. அது தரையில் நின்ற இயந்திரம். கடலில், மொத்தச் சுழலியையும் தூக்காமல் பேரிங்கை மாற்ற வழி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

திருகலை நங்கூரத்துக்குச் சொல்லாமல் விடுவது

சுழலி தரும் திருகு விசையைத் தரையில் அஸ்திவாரம் தாங்கும்; கடலில் நங்கூரச் சங்கிலிதான் தாங்க வேண்டும். அவசரமாக பிரேக் பிடிக்கும்போது வருவதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.