வீடு கட்டி முடியட்டும், பிறகு சந்தோஷப்படலாம் என்று இருக்காதீர்கள்

வன்னியில் எங்கள் பெண்களுக்குச் சந்தோஷத்தைத் தள்ளிப்போடும் பழக்கம் ஒன்று உண்டு. வீட்டுக்குப் பூச்சு முடியட்டும், மூத்தவளின் ஏ.எல். சோதனை முடியட்டும், லோன் முடியட்டும், காணாமல்போனவரைப் பற்றி ஒரு பதில் வரட்டும் என்று ஒவ்வொன்றாகக் காத்திருக்கிறோம். சிலதுக்கு முடிவு எப்போது வரும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதனால் இருக்கிற நாளுக்குள்ளேயே என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் கடவுளிடம் நடிப்பதை விடுங்கள். கோயில் வாசலில் யாரும் சுகம் விசாரித்தால் "ஆண்டவர் புண்ணியத்தில் நல்லா இருக்கிறம்" என்று சொல்லிப் பழகி, செபத்திலும் அதையே சொல்கிறோம். விவிலியத்தில் ரூத்து நூலை எடுத்து வாசியுங்கள், நாலே அதிகாரம்தான், ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். கணவனையும் இரண்டு ஆண்பிள்ளைகளையும் வேற்று நாட்டில் சாகக் கொடுத்துவிட்டுப் பெத்லகேமுக்குத் திரும்பிவந்த நகோமி, தன்னை அடையாளம் கண்டு கதைக்க வந்த ஊர்ப் பெண்களிடம் எனக்குக் கிடைத்தது கசப்புத்தான், அதைத் தந்ததும் கடவுள்தான் என்று மறைக்காமல் சொல்கிறாள். அப்படிச் சொன்னதற்காக அந்த நூலில் யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. திருப்பாடல் 88 இன்னும் ஒரு படி மேல், முறைப்பாடாகவே போய் இருளிலேயே முடிகிறது. ஆகவே பிள்ளைகள் படுத்த பிறகு ஒரு பத்து நிமிடம் எடுத்து, கோபமோ பயமோ உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். நன்றி சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அப்போதுதான் அது வாயிலிருந்து மட்டும் வராது.

ஆனால் கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்தால் நல்லது என்ற நினைப்பு வருகிறது என்றால் செபத்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். விசுவாசம் குறைந்ததால்தான் இப்படி என்று யாரும் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது கடன். சந்தோஷத்தைப் பற்றி எழுதும்போது இது ஏன் என்று கேட்பீர்கள். லோன்காரர் படலையடியில் வந்து நிற்கிற வீட்டில் மனநிறைவைப் பற்றிப் பிரசங்கம் வைத்து என்ன பிரயோசனம்? இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் தந்தார்கள், அது காணாமல் நகையை அடகு வைத்தும் குழுக்கடன் எடுத்தும் மிச்சத்தைக் கட்டியவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். ஒரு கொப்பியில் யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்த நாள் கட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். தொகை பயமாகத்தான் இருக்கும், என்றாலும் கணக்குத் தெரியாமல் பயப்படுவதை விட அது பரவாயில்லை. பிறகு நம்பிக்கையான ஒருவருக்காவது அந்தக் கொப்பியைக் காட்டுங்கள், அக்காவோ, அருட்சகோதரியோ, பாஸ்டரம்மாவோ. ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன் எடுக்காதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்: பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்குப் பந்தலும் வீடியோவும் போட்டுக் கடன்படச் சொல்லி எந்தச் சுவாமியும் கேட்கவில்லை.

வேலை எல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாக இருப்போம் என்று நினைத்தால் அந்த நேரம் வரவே வராது, ஆகவே வேலைக்கு நடுவிலேயே ஒரு சின்ன இடம் ஒதுக்குங்கள். பிளேன்டீயை அடுப்படியில் நின்றபடி குடிக்காமல் முற்றத்து வேம்புக்குக் கீழே இருந்து குடியுங்கள். பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து வாய் ஒட்டும்வரை சாப்பிடுங்கள். அந்த நகோமியின் மருமகள் ரூத்து, அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்கின இடத்தில் கிடைத்த வறுத்த தானியத்தை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை மாமிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நாங்களோ எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுவதைத்தான் பக்தி என்று நினைக்கிறோம்!

இரவில் போனை எட்டவே வைத்துவிடுங்கள். கனடாச் சொந்தத்தின் பிறந்தநாள் படங்களை நடுச்சாமத்தில் பார்த்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

ஒக்டோபரில் வீடு வீடாகச் செபமாலை சொல்லும்போது, முடிந்தவுடன் எழும்பி ஓடாமல் அரை மணி நேரம் இருந்து கதைத்துவிட்டு வாருங்கள், ஊர்வம்பு இல்லாமல் கதைக்கவும் விஷயம் இருக்கிறது. மற்றச் சபைக்காரருக்குச் செபக்கூட்டம் இருக்கும். மன்னார்ப் பக்கம் மடு மாதா கோயிலுக்கும் போய் வாருங்கள். ஜூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக்களுக்குச் சனம் நிறைந்துவிடும், கூட்டத்தோடு மரங்களுக்குக் கீழே தங்கிச் சமைத்துச் சாப்பிட ஆசையென்றால் அப்போது போகலாம். மாதாவுக்கு முன்னால் அமைதியாக இருக்கத்தான் வேண்டும் என்றால், சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு, கூட ஒரு சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு, சாதாரண நாள் ஒன்றில் வெள்ளனவே பஸ் ஏறுங்கள்.