நுரையீரல் தழும்பு நோய்: மூச்சு வாங்குவதை வயதின் மேல் போடாதீர்கள்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வறட்டு இருமல் மாதக்கணக்கில் விடவில்லை. "அறுபது தாண்டியாச்சு, இனி இப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஐ.பி.எஃப் எனப்படும் நுரையீரல் தழும்பு நோயில் நடக்கிற முதல் தவறு இதுதான். இன்ன காரணம் என்று பிடிபடாமலே நுரையீரலில் தழும்பு படர்ந்து, காற்றறைகளின் சுவர் தடித்து விறைத்துப்போகும். விழுந்த தழும்பை எந்த மருந்தும் அழிக்காது. தாமதம் இங்கே பொல்லாதது.

அடுத்தது, ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரை மாற்றி மாற்றிப் பார்ப்பது. முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னால், வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற மாதிரி சரசரவென்று கேட்கும். அது ஆஸ்துமாவின் சத்தம் இல்லை. முதுகில் வைத்துக் கேட்காமல் எழுதிய இன்ஹேலர் சீட்டை நான் நம்பமாட்டேன். சிலருக்கு விரல்நுனி பருத்து நகமும் வளைந்திருக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். ஆரம்பத்தில் அதில் தெரியாமல் போகலாம். மெல்லிய துண்டுகளாகப் படமெடுக்கும் உயர்துல்லிய சி.டி. ஸ்கேன்தான் தழும்பைக் காட்டும், தேன்கூடு போல.

தேன்கூட்டைக் கண்டதும் ஐ.பி.எஃப் என்று முடிவுகட்டுவதும் தவறே. முடக்குவாதம், புறா வளர்ப்பு, பூஞ்சை படிந்த வீடு, இதயத்துடிப்புக்கான அமியோடரோன், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபியூரன்டாயின் போன்ற மருந்துகள் இவையும் நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். காரணம் வேறென்றால் சிகிச்சையும் வேறு. ஆகவே பழைய மருந்துச்சீட்டு, செய்த வேலை, வளர்த்த பறவை எதையும் விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நுரையீரல் மருத்துவரும் ஸ்கேன் படிக்கும் மருத்துவரும் கலந்து பேசி முடிவெடுப்பதே நல்லது. ஸ்கேன் தெளிவாக இருந்தால், நுரையீரலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி பெரும்பாலும் வேண்டியதில்லை.

சரி, ஐ.பி.எஃப்தான் என்று உறுதியாகிவிட்டது. உடனே நீண்டநாள் ஸ்டீராய்டு தொடங்குவது பழைய வழக்கம். ஸ்டீராய்டான பிரெட்னிசோன், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோப்ரின், என்-அசிட்டில்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களில்தான் இறப்பு அதிகம். அந்தச் சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடனிப் மருந்துகள் இரண்டும் நோய் முற்றும் வேகத்தைக் குறைப்பவை. மூச்சு முன்னைப்போல் ஆகவில்லையே என்று பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், மனசு கனக்கிறது. இன்னும் மோசமாகாமல் பிடித்து வைத்திருப்பதுதான் அவற்றின் வேலை. பிர்ஃபெனிடோனால் குமட்டல் வரும், வெயில் பட்டால் தோல் எரியும். நின்டெடனிப் வயிற்றுப்போக்கு தரும். சாப்பாட்டோடு எடுத்தால், மருத்துவர் அளவைக் குறைத்தால் பலருக்குச் சமாளிக்கலாம். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

உட்கார்ந்த நிலையில் ஆக்சிமீட்டர் 96 காட்டுகிறது என்று விட்டுவிடுவதும் உண்டு. நடக்கும்போதுதான் ஆக்சிஜன் சரியும். ஆறு நிமிட நடைப் பரிசோதனை அதற்குத்தான். மூச்சு வாங்குகிறதே என்று படுத்தே கிடந்தால் தசையும் தளர்ந்துவிடும், நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கேளுங்கள். மாற்று நுரையீரல் பற்றிய பேச்சைக் கடைசிவரை ஒத்திப்போடவும் கூடாது, அதற்கு உடம்பில் தெம்பு இருக்க வேண்டும்.

அப்புறம், சில நாட்களுக்குள் மூச்சுத்திணறல் திடீரென்று கூடினால் சளி என்று கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், பழைய ஸ்கேன் படங்களையும் கையோடு எடுத்துக்கொண்டு.