பழைய பிளக்-இன் ஹைப்ரிட் வாங்குமுன் யாரிடம், என்ன கேட்பது?

மொரிஷியஸில், காத்ர் போர்னில் எங்கள் பக்கத்தில் மூன்று பேர் ஜப்பானில் ஓடிப் பழசாகி இங்கே வந்த 'ரீகண்டிஷன்' மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைப்ரிட் (பிளக்கில் சார்ஜ் போட்டுக் கரன்டிலும், பெட்ரோலிலும் ஓடும் வண்டி) வைத்திருக்கிறார்கள். வாங்குமுன் மூவரையும் போய்க் கேட்டேன். "தங்கமான வண்டி" என்றார் மச்சான். "பெட்ரோலா குடிக்குது தம்பி, வேண்டாம்" என்றார் டீச்சர். இரண்டுமே உண்மைதான். மச்சான் வீட்டு கராஜில் பிளக் இருக்கிறது. டீச்சர் குடியிருப்பது இரண்டாம் மாடியில்.

படி 1: பிளக். இரவில் வண்டி நிற்கும் இடத்துக்குக் கரன்ட் வருமா? வராதென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சார்ஜ் போடாத இந்த வண்டி, 1,800 கிலோ எடையைப் பெட்ரோலில் இழுக்கும் சாதாரண வண்டிதான்.

படி 2: கேள்வி. "நல்லா ஓடுதா?" என்று கேட்டால் "ஓடுது" என்றுதான் பதில் வரும். "போன வாரம் முழு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் கரன்டிலேயே போனீங்க?" என்று கேளுங்கள். ஜப்பான் விளம்பரத்தில் 60 என்று இருக்கும், அது சோதனைக்கூடக் கணக்கு. மூன்றாமவர் ஏசி போட்டு 30 என்றார். மாடல் ஆண்டையும் கேளுங்கள். 2013இல் வந்ததற்கு 12 கிலோவாட்-மணி பேட்டரி, 2 லிட்டர் இன்ஜின். 2018இல் அது 13.8, 2.4 என்று மாறியது.

படி 3: பேட்டரியை அளப்பது. இதில் சோம்பல் கூடாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் வண்டியின் கணினியைப் படிக்கும் இடம்) புளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் பி.ஹெச்.இ.வி வாட்ச்டாக் செயலியில் பாருங்கள். 12 கிலோவாட்-மணி பேட்டரி புதிதாக இருக்கையில் அதன் கொள்ளளவு 38 ஆம்பியர்-மணி என்று காட்டும். 30க்குக் கீழே போயிருந்தால் நான் விலையை அடித்துப் பேசுவேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன். கிலோமீட்டர் குறைவு என்பதை மட்டும் நம்பாதீர்கள். சும்மா நின்ற வண்டியின் பேட்டரியும் வயதாகித் தேயும்.

படி 4: ஏற்றம். போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப்புக்கு ஓட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 550 மீட்டர் ஏற்றம். அழுத்தி மிதித்தால் பெட்ரோல் இன்ஜின் வேலைக்கு வரும். அது கோளாறு இல்லை. ஆனால் அது வரும்போது உலுக்கலோ கரகரப்போ இருந்தால் யோசியுங்கள். இறங்கும்போது ஸ்டீயரிங் பின்னாலுள்ள பேடிலால் பி5 (வேகத்தைக் குறைத்து அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பும் அதிகபட்ச நிலை) போட்டுப் பாருங்கள். வண்டி தானாக வேகம் குறைந்து, பேட்டரி கொஞ்சம் ஏற வேண்டும்.

படி 5: கேபிள். ஜப்பான் கேபிளின் பிளக் நம் மூன்று முள் சாக்கெட்டில் நுழையாது. பிளக்கை வெட்டி மாட்டித் தருகிறேன் என்று விற்பவர் என்னிடம் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். 230 வோல்ட்டுக்கென்றே செய்த கேபிளை வாங்கி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியரில் சுமார் 5 மணி நேரத்தில் நிறைந்துவிடும்.

அப்புறம் ஏலத் தாள், அதாவது ஜப்பானில் ஏலம் விடும்போது வண்டியைச் சோதித்து எழுதிய தாள். அதில் 'ஆர்' என்று தரம் போட்டிருந்தால் விபத்துக்குப் பின் சரிசெய்த வண்டி. அடிப்பக்கத் துருவையும் பாருங்கள், ஜப்பானில் பனி பெய்யும் ஊர்களில் சாலையில் உப்பு தூவுவார்கள்.

வாங்கிய பிறகு கரன்டிலேயே ஓட்டினாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 15 லிட்டராவது பெட்ரோல் போடுங்கள், டாங்கியில் கிடக்கும் பெட்ரோல் பழையதாகிக் கெடும். ரேடியோ ஜப்பான் அலைவரிசையில் இருப்பதால் நம் நிலையங்கள் பல வராது, அதற்குத் தனியாக ஒரு கருவி உண்டு. கிளப்பும்போதெல்லாம் ஒரு ஜப்பானியப் பெண் குரல் ஏதோ சொல்லும். சுங்கச் சாவடிக் கார்டு செருகவில்லையாம். எங்கள் அம்மா அதற்கு தினமும் "சரிம்மா" என்கிறார்.