கண்ணாடிச் சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் 26 வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிப்பவராக இருந்தேன். துணியின் இழையை எண்ணும் மடக்கு லென்ஸ் எப்போதும் சட்டைப் பையில் கிடக்கும். ஓய்வுபெற்ற பிறகு அதே லென்ஸால் கண்ணாடிச் சாடிகளின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

துணி வாங்க வரும் ஐரோப்பிய பையர்கள் பனியன் கம்பெனி முதலாளிகளுக்குப் பரிசளித்த பூச்சாடிகளும் பேப்பர் வெயிட்டுகளும் ஷோகேஸில் தூசி படிந்து கிடந்து, வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய சாமான் கடைக்கு வந்துவிடுகின்றன. குன்னூர், வால்பாறை பங்களாக்களைக் காலி செய்யும்போதும் சில வரும்.

1962இல் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியக வளாகத்தில் ஹார்வி லிட்டில்டன் என்ற கலைஞர் சிறிய உலை ஒன்றை வைத்துப் பட்டறை நடத்தினார். தொழிற்சாலைக்கு வெளியே, கலைஞர் தன் உலையிலேயே கண்ணாடி ஊதும் ஸ்டூடியோ மரபு அங்கிருந்து பரவியது. இப்படி ஊதும் கலைஞர்களில் பலர் பொருளின் அடியில் பெயரைக் கீறிவிடுவார்கள். வில்லங்கமும் அங்கேதான்.

கோவையில் ஒரு கடையில் “வெளிநாட்டுப் பொருளுங்க” என்று நீலக் கிண்ணம் ஒன்றைக் கொடுத்தார்கள். அடியில் அழகான கையெழுத்து. 1,800 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் ஈரப் பஞ்சால் துடைத்தபோது எழுத்தின் பள்ளத்திலிருந்து வெள்ளைப் பொடி வந்தது. லென்ஸில் பார்த்தால், மேசையில் உரசி விழுந்த பழைய கீறல்களை அந்த எழுத்து வெட்டிக்கொண்டு போகிறது. செய்த அன்றே போட்ட கையெழுத்தாக இருந்தால் கீறல்கள்தானே எழுத்தின் மேல் ஓட வேண்டும்?

அதனால் கையெழுத்தைக் கடைசியில் படியுங்கள். முதலில் தழும்பைத் தேடுங்கள். ஊதிய சாடியின் அடியில் இரும்புக் கோலை ஒட்டித்தான் வாயைத் திருத்துவார்கள். கோலைத் தட்டிப் பிரித்த இடம் கரடாக நிற்கும், அல்லது தேய்த்து வழவழப்பான குழியாக்கியிருப்பார்கள். குழிக்குள் இருக்கும் கையெழுத்து மேசையில் படாது. அங்கே என் கீறல் சோதனை செல்லாது. அடுத்து, தேய்மானம். இயல்பான கீறல்கள் தரையில் படும் விளிம்பில் மட்டும், தாறுமாறாக இருக்கும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் வேலை.

மங்கிய எழுத்தைப் படிக்க முகப் பவுடரை விரலால் லேசாகத் தடவி, செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். திருநீறு வேண்டாம், அதில் மணல் கலந்திருந்தால் கண்ணாடி கீறிவிடும்.

சில அடையாளங்கள் மனப்பாடமாக இருக்கட்டும். மால்டாவில் 1968இல் மைக்கேல் ஹாரிஸ் தொடங்கிய கண்ணாடிப் பட்டறை இம்தினா (Mdina) கிளாஸ். அடியில் ‘Mdina’ என்று மட்டும் கீறியவை ஏராளம். அவர் பெயரும் சேர்ந்தவை அபூர்வம். அதே ஹாரிஸ் பிறகு நடத்திய இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவுப் பட்டறையின் தொடக்க காலச் சாடிகளில், தழும்பின் மேலேயே தீச்சுடர் முத்திரை அழுத்தியிருக்கும். ஸ்காட்லாந்தின் கெய்த்னஸ் நிறுவனப் பேப்பர் வெயிட்டுகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்தவற்றுக்குத் தலைப்பும் வரிசை எண்ணும் அடியில் பொறித்திருப்பார்கள். ஸ்காட்லாந்தில் வேலை செய்த கண்ணாடிக் கலைஞர் பால் இசார்ட்டின் பேப்பர் வெயிட்டுகள் பலவற்றில் அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகள் (PY) கண்ணாடிக்குள்ளேயே சின்னப் பொட்டாகத் தெரியும். அதையும் போலி செய்திருக்கிறார்கள். ஒட்டிய லேபிளை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஆனால் கழுவும்போது அதை நனைத்துவிடவும் வேண்டாம்.

இன்னொன்று: விலை படியும் முன் கடைக்காரர் எதிரில் லென்ஸை எடுக்காதீர்கள். காங்கயத்தில் 250 ரூபாய் சொன்ன சாடி, நான் பையில் கை விட்டதும் 900 ஆகிவிட்டது.