உறைபனியில் கூண்டுப் பொறி இறுகாமல் இருக்க

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடாலில், நியூகாசில், டண்டீ, லேடிஸ்மித் பக்கம் கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த தொல்லை இது. எலிக்கும் கீரிக்கும் வைத்த பொறியில் இரை போயிருக்கும், கூண்டுக் கதவு மட்டும் திறந்தே கிடக்கும். விலங்கு மிதித்ததும் கதவை விழவைக்கும் மிதிதகட்டை விரலால் அழுத்தினால் அசையாது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் இது அதிகம்.

குளிர்காலத்தில் இங்கே மழை குறைவு. இருந்தும் பொறி உறையக் காரணம் திறந்த வானம். மேகமில்லாத இரவில் இரும்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைபனியாகப் படியும். எனவே முதல் வேலை கூரை. கூண்டைவிட அகலமான பலகையை மேலே வையுங்கள். தகரம் வேண்டாம், அதன் அடியில் ஈரம் கோத்துச் சொட்டும்.

பிறகு கூண்டைத் தட்டையான செங்கற்கள்மேல் ஆடாமல் வைத்து, வாசலுக்குக் காய்ந்த மண்ணால் சின்னச் சரிவு போடுங்கள். தண்ணீர் பாய்ச்சிய பாத்தி பக்கம் வைக்காதீர்கள்.

இனிதான் முக்கியமான இடம்: மிதிதகட்டின் கீல். பகல் வெயிலில் உறைபனி உருகி, அந்தத் தண்ணீர் கீலின் இடுக்கில் இறங்கித் தங்கிவிடும். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். பொழுது சாய்ந்ததும் உள்ளே இருக்கும் துளி உறைந்து கீலைப் பூட்டிவிடும். கூரை போட்ட பிறகும் பொறி இறுகுகிறது என்றால் அநேகமாக இதுதான் காரணம்.

கூண்டை நண்பகல் வெயிலில் கவிழ்த்து நன்றாகக் காய வையுங்கள். பாரஃபின் மெழுகை ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிநீரில் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். இரும்பு சூடாக இருக்கும்போதே கீலில் மெல்லிய பூச்சாகத் தடவி, மெழுகு இறுகும்வரை தகட்டை ஆட்டிக்கொண்டே இருங்கள். தடிப்பாகப் பூசினால் மெழுகே தகட்டைப் பிடித்துக்கொள்ளும். கதவைத் தாங்கும் கொக்கியில் மட்டும் மெழுகு படக்கூடாது. பட்டால் கொக்கி வழுக்கி, காற்றடித்தாலே கதவு விழும்.

உப்புத் தூவச் சொல்வார்கள். உப்பு கம்பியின் துத்தநாகப் பூச்சை அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இனிப்பாக இருக்கும். நாயோ பூனையோ கொஞ்சம் நக்கினாலும் சாகும். ஸ்ப்ரே எண்ணெயின் வாடையில் விலங்கு கிட்ட வராமல் போகலாம். மெழுகுக்கு நிகராக நான் எதையும் சொல்லமாட்டேன்.

எலிக்கு வேர்க்கடலை வெண்ணெய், கீரிக்கு டின் மத்தி. இரையைத் தகட்டுக்கு அப்பால், கோடியில் வையுங்கள். அங்கேயே ஒரு பிடி காய்ந்த புல்லும் போடுங்கள், ஆனால் தகட்டின் அடியில் ஒரு தும்புகூடப் போகக்கூடாது. பிடிபட்ட உயிர் இரவெல்லாம் வெறும் கம்பியில் நின்றால் குளிரிலேயே செத்துவிடும். அதனால் விடியும்போதே போய்ப் பாருங்கள். கீரி போன்ற காட்டு விலங்கென்றால், பொறி வைக்கும் முன்பே மாகாணத்தின் வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பான எசெம்வெலோவின் அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: அண்டர்பெர்க் பக்கத்து வாசகர் ஒருவர், காற்றோடு வரும் வெண்பனி வாசல் வழியாகவே உள்ளே புகுந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். மலைப் பக்கம் இருப்பவர்கள் வாசலைக் காற்று வரும் திசைக்கு மறுபக்கமாகத் திருப்பி, பக்கங்களிலும் பலகை சாத்துங்கள். பனி விழுந்த மறுநாள் கூண்டை உள்ளே எடுத்துவந்து முழுக்கக் காயவைத்து, கீலுக்கு மறுபடி மெழுகு பூசிய பிறகே வெளியே வையுங்கள்.